பிரதிகள்: இரண்டு

சூழல் புத்தித் தெளிவோடு இருக்கிறதா என்று சோதிக்கிறேன் என்றது திரையில் ஓடிய வரி. மறு நொடியே ஆம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டது. நீயாவது சொன்னாயே, மகராசனாய் இரு, என்று நினைத்தார் தாணுலிங்கம். காலையிலிருந்து மூன்றாவது தடவையாக இந்த வரி ஓடுகிறது. மூல நிரலை ஓடுகிற வடிவத்துக்கு மாற்றுவதற்கு, அதாவது கம்பைல் செய்வதற்கு முன்னால் இந்த மென்பொருள் பெண் பார்க்க வந்த வீட்டார்போல ஒவ்வொன்றாகக் கேட்கும், அது இருக்கிறதா, இது இருக்கிறதா, கடிகாரம் நேராக ஓடுகிறதா, எழுதுவதற்கு இடம் கொடுப்பாயா, மாட்டாயா, ஏதாவது ஒன்று இல்லை என்று வந்துவிட்டால் வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விடும். முதல் தடவை லைப்ரரி என்கிற துணை நிரல் ஒன்று இல்லை என்று போயிற்று, அதைத் தேடிப் போட்டால் இரண்டாவது தடவை இன்னொன்று இல்லை என்று போயிற்று, இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் ஆம், ஆம், ஆம் என்று ஓடுகிறது, ஓடட்டும். மணி பத்தே முக்கால். மூன்று மணிக்கு ஆராய்ச்சி மாணவி ஜெபக்கனியின் வாய்மொழித் தேர்வு, அதற்குள் மூன்றாவது சர்வர் எழுந்திருக்க வேண்டும். முன்னொரு காலத்தில் பாம்பையும் பல்லியையும் பாட்டிலில் போட்டு அடுக்கி வைத்திருந்த அறை இது, விலங்கியல் துறைக்குக் கம்ப்யூட்டர் வந்தபிறகு பாட்டில்கள் மாடிக்குப் போய்விட்டன, ஃபார்மலின் நெடி மட்டும் குடித்தனத்தைக் காலி செய்யவில்லை. ஏசியின் குளிரில் அது இன்னும் கூடுதலாக மூக்கில் ஏறியது. தாணுலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார், பிறகு வேர்க்கிறது என்று எடுத்துவிட்டார், பிறகு மறுபடியும் சுற்றிக்கொண்டார். காலையில் வீட்டில் மோட்டாரை நிறுத்தினோமா இல்லையா என்று ஒரு சந்தேகம் அப்போதுதான் வந்தது.

நிறுத்தியிருப்போம். சுவிட்சைத் தொட்டது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது நேற்றுத் தொட்டதாகவும் இருக்கலாம், தினமும் தொடுகிற சுவிட்சில் நேற்று எது இன்று எது. மோட்டார் கிடக்கட்டும். டிஸ்க்கைப் பார். புது சர்வரில் மாட்டியிருக்கிற அந்தப் பழைய டிஸ்க்கில் பழுதாகி ஒதுக்கப்பட்ட இடங்கள் எத்தனை என்று இன்னொரு ஜன்னலில் கேட்டுப் பார்த்தார். இருபத்து நான்கு. நேற்று எட்டு. இன்று காலை வந்ததும் பதினாறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இப்படி என்றால் வேலை கொடுத்தால் என்ன ஆகும்? கேட்கக்கூடாது, அடிக்கடி கேட்டால் அதற்கும் அது சுற்ற வேண்டியிருக்கும், கேட்கிறதே அதற்கு ஒரு பாடுதான், ஆனாலும் கேட்காமல் எப்படி இருக்கிறது? மறுபடியும் கேட்டார். இருபத்து நான்குதான். பெருமூச்சு விட்டார். துறையில் மூன்று சர்வர்கள், மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய அலமாரியாகக் காட்டுவதுதான் இந்த மென்பொருளின் வேலை. பயன்படுத்துகிறவர்களுக்கு எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, அலமாரியைத் திறந்தால் சாமான் இருக்கும். போன வாரம் இடி விழுந்ததில் மூன்றாவது சர்வரின் போர்டு போய்விட்டது, மூன்றும் சேரும்வரை யாரும் திறக்க வேண்டாம் என்று அலமாரியை இவர் பூட்டி வைத்திருக்கிறார். டிஸ்க்கைக் கழற்றிப் புது சர்வரில் மாட்டியாயிற்று, ஆனால் புது சர்வரில் இருப்பது புது சிஸ்டம், அதற்கு ரெடிமேடாகக் கிடைப்பது மென்பொருளின் புதிய பதிப்பு மட்டும். மற்ற இரண்டு சர்வரிலும் ஓடுவது ஆறு வருஷத்துக்கு முந்தைய பதிப்பு, ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாது. அதனால்தான் பழைய பதிப்பின் மூல நிரலை எடுத்து இங்கேயே கம்பைல் செய்கிற இந்தப் பாடு. இதெல்லாம் துறைக்குத் தெரியும், துறைத்தலைவர் வேதநாயகி மேடத்துக்கும் தெரியும். அதுக்கு என்ன தாணு, எல்லா ஃபைலும் ரெண்டு காப்பி இருக்குல்லா, மெதுவா செய்யுங்க என்று நேற்றுக்கூட மேடம் சொன்னார்கள். ஆமா மேடம் என்று இவரும் சொன்னார். ஆமா மேடம். அந்த இரண்டு சொல் நேற்று மாலையிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

இரண்டு காப்பி இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஒன்றுதான் இருக்கிறது, இது உலகத்தில் தாணுலிங்கம் ஒருவருக்குத்தான் தெரியும். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த சமயம், ஜெபக்கனி காட்டிலிருந்து தவளைச் சத்தத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள், டிஸ்க்குகள் தொண்ணூற்றேழு சதவீதம் நிறைந்துவிட்டன, புது டிஸ்க்குக்கான கோப்பு எங்கோ ஒரு மேசையில் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது. சார், இடம் இல்லன்னு வருது சார் என்று அவள் வாசலில் வந்து நின்றாள், நனைந்த மழைக்கோட்டோடு, அட்டை கடித்த காலோடு. ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு இடத்தில் வை என்று இருந்ததை ஒரே இடத்தில் வை என்று மாற்றினார். ஒரு வரிதான். ஒரு நிமிஷத்தில் பாதி இடம் காலியாகிவிட்டது, அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது, இவருக்கும் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். இரண்டு நாளைக்குத்தான், டிஸ்க் வந்ததும் மாற்றிவிடலாம். டிஸ்க் இரண்டு மாதம் கழித்து வந்தது, அப்போது கல்லூரியின் தரத்தை அளக்கிற நாக் குழு வருகிறது என்று துறையே தலைகீழாக நின்றது. பிறகு அவருக்கே மறந்துவிட்டது. மறந்துவிட்டதா? இல்லை, மறக்கவில்லை, பல்லில் ஓட்டை விழுந்தவன் அந்தப் பக்கம் மெல்லாமல் இருப்பதுபோல அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். மாதம் பிறந்தால் ஒரு படிவம் போக வேண்டும், அதில் பிரதிகள் என்று ஒரு கட்டம். போன மாதத்துப் படிவத்தைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி, அனுப்பிவிடுவது. எல்லாத் துறையிலும் அப்படித்தான், படிவம் என்றால் அப்படித்தான். பிரதிகள்: இரண்டு. இருபத்து நான்கு மாதம், இருபத்து நான்கு இரண்டு. டிஸ்க்கிலும் இருபத்து நான்கு. சே, என்ன கணக்கு இது, தலையை உதறிக்கொண்டார்.

கேள்விகள் முடிந்து கம்பைல் ஓடத் தொடங்கியிருந்தது. இது எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்கிற ஜாதி இல்லை. ஃபைல்கள் கிடக்கிற இந்த அடைவுக்குள் நுழைகிறேன் என்னும், கொஞ்ச நேரம் உள்ளே முனகும், வெளியேறுகிறேன் என்னும். நாங்குநேரி தாண்டிற்று, வள்ளியூர் தாண்டிற்று, இனி ஆரல்வாய்மொழி என்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்ப்பெயரை வைத்துக் கணக்குப் போடுவதுபோலத்தான் போட வேண்டும். இடையிடையே எச்சரிக்கைகள். இது சரியாகப் படவில்லை, அது பழசு, இதைப் பயன்படுத்தாதே. எச்சரிக்கை என்றால் நிற்காது, சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், மனைவி செண்பகவடிவு மாதிரி. அவளைத்தான் கூப்பிட்டு மோட்டாரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் நிறுத்தாமல் போனது உறுதியாகிவிடும். கூப்பிடாமல் இருந்தால் நிறுத்தியிருக்கலாம். தாணுலிங்கம் போனை எடுத்தார், வைத்தார். இந்தப் புத்திதான், இதே புத்திதான், என்று உள்ளே யாரோ சொன்னார்கள். இன்றைக்கு நேற்று வந்த புத்தியா இது, சின்னமுட்டத்தில் மீன் குளிர்பதனக் கிடங்கில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோதே வந்தது. மணிக்கொரு தடவை அறையின் குளிர் எத்தனை என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும், மைனஸ் பதினெட்டு. யார் மணிக்கொரு தடவை அந்தக் கதவைத் திறந்து பார்ப்பது, மூக்கு மயிர் உறைந்துபோகும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மாலைவரைக்கும் மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு என்று எழுதி வைத்துவிட்டால் நிம்மதி. ஒருநாள் கம்ப்ரஸர் நின்றுபோனது. திறந்தபோது வஞ்சிர மீன்கள் கண் வெளுத்துக் கிடந்தன, வாசலிலேயே நாற்றம் ஆளை அடித்தது, ரெஜிஸ்டரில் மாலை ஆறுவரைக்கும் மைனஸ் பதினெட்டு. முதலாளி ரெஜிஸ்டரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு அதைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு கம்ப்ரஸர்காரனைத்தான் வைதார். அன்றைக்குக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால் உருப்பட்டிருப்பேன். தப்பித்ததுதான் வினையாகப் போயிற்று. மீனாவது மறுநாள் கடலுக்குப் போனால் கிடைக்கும்.

சத்தம் கேட்டது. டிக். இல்லை, ஏசியின் இரும்புச்சட்டம் குளிரில் சுருங்குகிற சத்தம். டிக் டிக். ஏசி இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து சர்வரின் பக்கத்தில் காதை வைத்தார், விசிறியின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது, காதை எடுத்தால் டிக். நாற்பத்தாறு வயதில் இந்தக் காதை நம்பலாமா? எண்ணைக் கேட்டார். நாற்பது. சட்டென்று பதினாறு கூடியிருந்தது. உட்கார்ந்தார். என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாமல் இல்லை, நேற்று டிஸ்க்கைக் கையில் எடுத்தபோதே தெரியும். எதையும் செய்வதற்கு முன்னால் அதில் இருப்பதை ஒரு காலி டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டும், ஒன்பது மணி நேரம் ஆகும், அதன் பிறகு இன்ஸ்டால், அதன் பிறகு ஸ்டார்ட். முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும் இது. ஆனால் காலி டிஸ்க் மேடத்தின் அலமாரியில் இருக்கிறது, அதை வாங்க ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அந்தத் தாளில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்னத்துக்கு தாணு, அடுத்த காப்பி அந்த சர்வர்ல இருக்குல்லா என்று மேடம் கேட்பார்கள். மொத்தமும் அங்கேதான் வழுக்குகிறது. காப்பி எடுக்காமல் நேராக ஸ்டார்ட் செய்தால் மற்ற இரண்டு சர்வரும் இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அந்த டிஸ்க்கை விழுந்து விழுந்து விசாரிக்கும், ஒவ்வொரு ஃபைலாகத் தட்டி எழுப்பும், தாங்கினால் மூன்று மணிக்கு எல்லாம் சுபம், பிறகு ஓசைப்படாமல் இரண்டு காப்பி என்று மாற்றிவிடலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். தாங்காவிட்டால் நான்கு மழைக்காலத்துப் பதிவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான்கு வருஷம் அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. தவளை மறுபடியும் கத்தும், சரி, போன வருஷத்து மழையில் கத்தியதை மறுபடியும் கத்துமா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே ஒரு மனுஷன் வாயைத் திறக்காமலே கெட்டுக்கொண்டிருக்கிறான்.

அப்போதுதான் கம்பைல் நின்றது. ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறாய், ஏற்க மாட்டேன் என்று சிவப்பில் ஒரு வரி. தாணுலிங்கம் சிரித்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முந்தைய மூலம், அதை எழுதியபோது இருந்த பழைய கம்பைலர் இந்தத் தப்பைக் கண்டும் காணாததுபோல விட்டுவிடும், புதிதாக வந்தது கறார்ப் பேர்வழி. இதற்கும் மருந்து உண்டு. பழையபடி கண்டுகொள்ளாதே என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும், போய்விடும். அந்தச் சொல்லை அடித்தார், அடிக்கும்போது ஏனோ கை கூசியது. காலையிலிருந்து தனக்குத்தானே இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். போன் அடித்தது. செண்பகவடிவு. எடுத்ததுமே, "ஏங்க, மோட்டார நிறுத்தாமலா போனீய? தண்ணி மாடியில இருந்து கீழ்வீட்டுக்காரிக்க துணியில எல்லாம் கொட்டி, அந்தம்மா இங்க வந்து நின்னு சாமியாடுகா" என்றாள். மறந்துட்டேன் என்றார். "மறந்துட்டியள். கேட்டா மறந்துட்டேன். நான்லா அவ முகத்துல முழிக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். விசித்திரம் என்னவென்றால் அவருக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை நேரம் நிறுத்தினேனா நிறுத்தினேனா என்று அரித்துக்கொண்டிருந்தது ஒரு திட்டோடு போய்விட்டது. நனைந்த துணி காய்ந்துவிடும். திரையில் கடைசி அடைவுக்குள் நுழைந்து, வெளியேறி, பிழை எதுவும் இல்லாமல் நின்றிருந்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். இன்ஸ்டால் என்று அடித்தார், வேண்டிய ஃபைல்களெல்லாம் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. இனி ஸ்டார்ட் ஒன்றுதான். அந்த வரியையும் அடித்து வைத்தார். என்டர் மட்டும் பாக்கி.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெபக்கனி உள்ளே வந்தாள். தேர்வுக்கென்று உடுத்தியிருந்த ஊதா நிறச் சேலையில் அவளை அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"முடிஞ்சாச்சா சார்?"

"கம்பைல் முடிஞ்சிட்டும்மா."

"கர்த்தருக்குத் தோத்திரம். போர்டு போச்சுன்னு கேட்டதுல இருந்து சோறே எறங்கல்ல, பாத்தீளா. ரெண்டு காப்பி இருக்குன்னு மேடம் சொன்ன பொறவுதான் உயிரு வந்துச்சு." கைப்பையிலிருந்து கறுப்பாக ஒரு டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள். "ஸ்டார்ட் பண்ணின உடனே இதுல பத்து சாம்பிள் மட்டும் எடுத்துத் தாருங்க. வாறவங்களுக்குப் போட்டுக் காட்டணும். காலி டிஸ்க்குதான். முந்தி எனக்க ரெக்கார்டிங் மொத்தமும் இதுல ஒரு காப்பி வச்சிருந்தேன். ஒங்களுக்க ரிப்போர்ட்டுல மாசாமாசம் ரெண்டு பிரதின்னு வருதுல்லா, இனி நமக்கு என்னத்துக்குன்னு போன மாசம் அழிச்சிட்டு ஜூனியர் பிள்ளைகளுக்குக் குடுத்தேன். அதுவ வீடியோவா எடுத்து ரொப்பி, நேத்துதான் தொடச்சுத் தந்துச்சுவ."

அந்தப் படிவத்தை யாரும் வாசிப்பதில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். யாருக்கும் போகாத தாள், யாரும் பார்க்காத கட்டம், அதனால்தானே கை கூசாமல் அனுப்ப முடிந்தது. ஒருத்தி வாசித்திருக்கிறாள். மாதாமாதம் வாசித்திருக்கிறாள், நம்பியிருக்கிறாள், நம்பித் தன் கையால் அழித்திருக்கிறாள். அவளுடைய டிஸ்க்கைத் துடைத்தது ஜூனியர் பிள்ளைகள் இல்லை, நான். என்டருக்கு மேல் விரல் இருந்தது, இப்போது அமுக்கினாலும் தாங்கலாம், பாதிக்குப் பாதி தாங்கலாம், பன்னிரண்டு மணிதானே ஆகிறது. விரலை எடுத்து, அடித்து வைத்திருந்த வரியை ஓர் எழுத்து விடாமல் அழித்தார்.

"ஒண்ணுதாம்மா இருக்கு" என்றார்.

"என்னது?"

"காப்பி. ரெண்டு இல்ல. அந்த மழ சமயம் எடம் இல்லாம ஒண்ணா மாத்தினேன். திருப்பி மாத்தல்ல."

அவள் சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசமாவா?"

"ரெண்டு வருசமா."

"மாசாமாசம் ரெண்டுன்னு எழுதினீங்களே சார்."

"எழுதல்லம்மா. போன மாசத்தத் திருப்பி..." அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது. "டிஸ்க்கு அடி வாங்கியிருக்கு. நேத்து எட்டு, இப்பம் நாப்பது. ஸ்டார்ட் பண்ணினா தாங்குமான்னு எனக்குத் தெரியல்ல. முதல்ல காப்பி எடுக்கணும். ஒம்பது மணி நேரம் ஆகும்."

ஜெபக்கனி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். முதுகு மட்டும் இரண்டு தடவை ஏறி இறங்கியது. திரும்பியபோது கண் சிவந்திருந்தது, கையில் போன் இருந்தது. "மேடம், இன்னைக்கு வைவா வேண்டாம் மேடம். இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. தாணு சார் சொல்லுவாங்க" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். என்ன தாணு என்றது மேடத்தின் குரல். தாணுலிங்கம் எழுந்து நின்றுகொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தார், இல்லை. மறுமுனையில் மேடம், "நீங்களா தாணு" என்று மட்டும் கேட்டார்கள். நான்தான் மேடம் என்றார்.

ஜெபக்கனி கொண்டுவந்த காலி டிஸ்க்கை மாட்டினார். எல்லாவற்றையும் வரிசையாகக் காப்பி எடுக்கக் கட்டளையை அடிக்கப் போனபோது ஜெபக்கனி, "நிறுத்துங்க" என்றாள். முக்காலியை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொத்தமா போடாண்டாம். எடையில செத்துப்போச்சுன்னா என்ன செய்ய? நான் சொல்லுத வரிசையில போடுங்க. திரும்பி எடுக்க முடியாதது முதல்ல." நோட்டுப் புத்தகத்தைத் திறந்து யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள், எந்த ஓடை, எந்தத் தேதி, எந்த வேளை. அவர் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். ஒரு பெயர் முடிந்தால் வாசிப்பார், அவள் நோட்டில் ஒரு டிக் போடுவாள். வெளியே சாப்பாட்டு மணி அடித்தது, இருவரும் அசையவில்லை. பத்து முடிந்தது, இருபது முடிந்தது. தாணுலிங்கத்துக்கு அழுகை வரும்போல இருந்தது, எல்லாம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கையும் கூடவே வந்தது.

முப்பத்தோராவது ஃபைலில் நின்றது. டிக், டிக், டிக் என்று இப்போது சந்தேகமில்லாமல் கேட்டது. பிறகு, படிக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி.

"எது சார்?"

வாசித்தார். கூவைக்காட்டு ஓடை, புரட்டாசியில் ஒரு தேதி, விடியற்காலை நாலேகால்.

"மறுபடி போட்டுப் பாருங்க."

போட்டார். அதே வரி. இன்னொரு தடவை போட்டார். அதே வரி.

ஜெபக்கனி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஓட இப்பம் இல்ல சார்" என்றாள். "மேல ரோடு போட்டாச்சு." பேனாவால் அந்தப் பெயரின் மேல் மெதுவாக ஒரு கோடு போட்டாள், நேராக வரவில்லை என்று மேலும் ஒரு கோடு போட்டாள்.

"அம்மா, என்ன மன்னிச்சு..."

"அது பொறவு" என்றாள். "தாண்டிப் போங்க. அடுத்த பேர வாசிங்க."

தாணுலிங்கம் அடுத்த பெயரை வாசித்தார்.